ஜூரியிடம் சொல்லாமல் விட்ட வரி

அன்புள்ள மகளுக்கு,

நேற்றுத் தொலைபேசியில் நீ கோபமாகக் கேட்ட கேள்விக்கு அப்போதே பதில் சொல்லியிருந்தால் அது வாக்குவாதத்தில்தான் முடிந்திருக்கும் என்பதால், இன்று உட்கார்ந்து எழுதுகிறேன். போலீஸ் துரத்தியதையும் ஒருவன் நிற்காமல் காரை விரட்டியதையும் எல்லோரும் பார்த்திருக்கும்போது, குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்களான பன்னிரண்டு ஜூரிகளுக்கு நீதிபதி சட்டத்தை விளக்கியதில் ஒரு வரி தவறிவிட்டது என்பதற்காக மேல்முறையீட்டில் தண்டனையை ரத்து செய்வது என்ன நியாயம் என்று கேட்டாய். நீ கலிபோர்னியாவின் ஒரு கவுண்டியில் அரசுத் தரப்பில் வழக்கு நடத்துகிறாய்; நான் இதே மாநிலத்தில், வக்கீல் வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்களுக்காக நீதிமன்றம் நியமிக்கும் மேல்முறையீட்டு வழக்கறிஞன். ஆனாலும் இந்தக் கேள்வியில் நாம் இருவரும் எதிரெதிர்க் கட்சியாக இருக்க வேண்டியதில்லை என்றே நம்புகிறேன்.

ஒரு வழக்கின் ஆவணங்கள் வந்து சேர்ந்ததும், சாட்சியங்களுக்குப் போகும் முன்பே, நீதிபதி ஜூரிகளுக்கு வாசித்த அறிவுறுத்தல்கள் உள்ள பக்கங்களைத்தான் எடுப்பேன். ஒரு தாளின் நடுவே கோடு போட்டு, குற்றத்தை நிரூபிக்கச் சட்டப் பிரிவு கேட்கும் கூறுகளை இடப்பக்கமும், நீதிபதி சொன்னவற்றை வலப்பக்கமும் எழுதுவேன். போலீசிடமிருந்து வண்டியில் தப்பி ஓடுவதைக் குற்றமாக்கும் வாகனச் சட்டத்தின் 2800.1 ஆம் பிரிவுக்கு இடப்பக்கம் என்னென்ன வரும் என்று உனக்கே தெரியும்: தப்பிக்கும் நோக்கம், முன்பக்கத்திலிருந்து தெரியும்படி எரியும் ஒரு சிவப்பு விளக்கு, தேவையான அளவுக்கு ஒலித்த சைரன், போலீஸ் வாகனம் என்று காட்டும் தனி அடையாளம், சீருடையில் இருந்த அதிகாரி. உயிரையும் உடைமையையும் துச்சமாக எண்ணி ஓட்டினான் என்பதும் சேர்ந்தால் அது 2800.2 ஆகிறது. வலப்பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால், பன்னிரண்டு பேரும் அந்தக் கூறைப் பற்றி முடிவெடுக்கவே இல்லை என்று பொருள். அவர்கள் கடைக்காரர்கள், ஆசிரியைகள், லாரி ஓட்டுநர்கள். கைபேசியில் சட்டத்தைத் தேடிப் பார்க்கக்கூடத் தடை விதிக்கப்பட்டவர்கள். நீதிபதியின் வாயிலிருந்து வருவதைத் தவிர வேறு சட்டம் அவர்களிடம் இல்லை.

2006-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் முடிவு செய்த ஹட்சன் வழக்கில், துரத்திய கார் அடையாளம் வரையப்படாத போலீஸ் கார். விளக்கும் சைரனும் இருந்தாலே தனி அடையாளம் இருந்ததாகக் கொள்ளலாம் என்று ஜூரிகள் எண்ண இடம் கொடுக்கும்படி விசாரணை நீதிபதியின் அறிவுறுத்தல் அமைந்துவிட்டது. அது தவறு என்றும், அவ்விரண்டுக்கும் மேலாக மற்ற ஓட்டுநர்களின் கண்ணுக்குத் தெரியக்கூடிய இன்னொரு அம்சமாவது வாகனத்தில் இருக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரவில் தனியாகக் கார் ஓட்டி வரும் ஒரு பெண்ணைச் சாதாரணக் கார் ஒன்று விளக்கைப் போட்டுக்கொண்டு பின்தொடர்ந்தால் அவள் நிற்பாளா என்று யோசித்துப் பார். சட்டமன்றம் அந்த நிபந்தனையை வீணாக வைக்கவில்லை.

என் மனத்தை விட்டு நீங்காதது 2005-ன் ஹோவர்டு வழக்கு. 2002 மே மாதத்தில் ஒரு நள்ளிரவில், பின்புற எண் பலகை இல்லாத செவ்ரோலே டாஹோ ஒன்றை நெடுஞ்சாலை ரோந்துப் போலீசார் நிறுத்தச் சொன்னார்கள். ஓட்டிவந்த ஹோவர்டு நிறுத்தினான், அவர்கள் இறங்கியதும் மறுபடி கிளப்பிக்கொண்டு பறந்தான். மணிக்கு 90 மைல் வரை வேகம் போனது. முகப்பு விளக்கை அணைத்துவிட்டு, நிறுத்தப் பலகைகளையும் சிவப்பு சிக்னலையும் தாண்டினான். ஆபத்தை உணர்ந்து போலீசார் துரத்துவதைக் கைவிட்ட பிறகும் அவன் வேகம் குறையவில்லை. இன்னொரு காரில் மோதியதில் ஒரு பெண் இறந்தார். அவருடைய கணவர் படுகாயமடைந்தார். அவன் ஓட்டியது திருட்டு வண்டி.

இவ்வளவு கொடுமையான உண்மைகளை வைத்துக்கொண்டும் இரண்டாம் நிலைக் கொலைத் தீர்ப்பு நிற்கவில்லை. 2800.2 ஆம் பிரிவுக் குற்றத்தின்போது உயிர் போனால் அதுவே கொலை என்று ஜூரிகளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. கொலைக்கான கெடுமனம், அதாவது கொல்லும் எண்ணமோ பிறர் உயிரைப் பற்றிய அறிந்தே செய்த அலட்சியமோ, அவனுக்கு இருந்ததா என்று அவர்களிடம் கேட்கப்படவே இல்லை. யாரும் வேண்டுமென்று செய்த பிழையல்ல. இயல்பிலேயே உயிருக்கு ஆபத்தான குற்றமானால் மட்டுமே அப்படிச் சொல்லலாம்; அப்பிரிவு அத்தகைய குற்றம் என்று 1993-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஆனால் 1996-ல் சட்டமன்றம் அதை விரிவாக்கி, தப்பி ஓடும்போது ஓட்டுநர் பதிவில் அபராதப் புள்ளி விழும் போக்குவரத்து விதிமீறல்கள் மூன்று நடந்தாலே போதும் என்றாக்கியது. முடக்கப்பட்ட உரிமத்தோடு ஓட்டுவதும், சமிக்ஞை காட்டாமல் வலப்பக்கம் திரும்புவதும்கூட அந்தக் கணக்கில் சேரும். அப்படிப்பட்ட ஒன்றை எப்போதுமே உயிருக்கு ஆபத்தானது என்று சொல்ல முடியாது என்பதே உச்ச நீதிமன்றத்தின் முடிவு. இப்படி ஓட்டிக் கொன்றவரைக் கெடுமனத்தை நிரூபித்துக் கொலைக் குற்றவாளியாக்கத் தடையில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

இறந்தவரின் வீட்டாரிடம் இதை எப்படிச் சொல்வது என்று நீ கேட்பாய். மிகக் கடினம்தான், அவர்கள் மீண்டும் நீதிமன்ற வாசலில் காத்திருக்க வேண்டும். அதனாலேயே, அறிவுறுத்தல் முழுமையாக இருக்கிறதா என்று முதலில் கவலைப்பட வேண்டியவர் அரசு வழக்கறிஞர் என்கிறேன். எல்லாப் பிழைக்கும் தண்டனை ரத்தாவதில்லை என்பதும் உண்மை. அரசியல் சாசன உரிமையைத் தொடும் பிழையானால், அது தீர்ப்பைப் பாதிக்கவில்லை என்று நியாயமான ஐயத்துக்கு இடமின்றிக் காட்டும் பொறுப்பு அரசுத் தரப்புக்கு உண்டு என 1967-ல் சேப்மன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வகுத்துவிட்டது. தப்பி ஓடுபவரின் வழக்கில் சாட்சியம் வலுவாக இருந்தால் பல நேரம் நீங்களே ஜெயிக்கிறீர்கள், நான் தோற்றிருக்கிறேன்.

அடுத்த முறை இப்படி ஒரு வழக்கு வந்தால், காரின் முன்புறமும் பக்கவாட்டும் தெரியும் புகைப்படங்களைச் சான்றாகச் சேர்த்துவிடு. அதிகாரி அன்று என்ன உடுத்தியிருந்தார் என்று கூண்டில் கேள். பேட்ஜ் மட்டும் போதாது என்று, நீதிபதிகள் ஜூரிகளுக்கு வாசிக்கப் பயன்படுத்தும் மாதிரி அறிவுறுத்தலே சொல்கிறது. மூன்று விதிமீறல்களை நம்பி வாதாடினால், அவை எவை என்று ஜூரிகளுக்குப் பெயர் சொல்லி விளக்கும்படி நீதிபதியிடம் எழுதிக் கொடு. ஜூரி அறையிலிருந்து சந்தேகம் கேட்டுக் குறிப்பு வந்தால், அதே பத்தியை மறுபடி படிக்கச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதே. அவர்கள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று பார்த்து அதற்கு நேரான பதிலைக் கேட்டு வாங்கு.

அன்புடன்,
அப்பா