கபீலிய மக்களிடையே ஊழியம் செய்யும் மிஷனெரி சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்கப் பொறுப்பாளர்களுக்கு,

கிறிஸ்துவுக்குள் வாழ்த்துகள். அல்ஜீரியாவின் கபீலியா மலைப்பகுதியில் வாழும், பெர்பர் இனத்தவரான கபீலிய மக்களுக்காக நீங்கள் ஜெபிப்பதையும் காணிக்கை சேர்ப்பதையும் மதிக்கிறேன். ஆனால் அவர்களைப் பற்றிச் சங்கங்கள் வெளியிடும் செய்திமடல்களும் காணொளிகளும் அங்குள்ள விசுவாசிகளுக்கே ஆபத்தாக முடியக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

அல்ஜீரியாவில் 2006 பிப்ரவரியில் பிறப்பிக்கப்பட்ட 06-03 எண் அவசரச் சட்டம், ஒரு முஸ்லிமை மதம் மாறத் தூண்டுவோருக்கும், அவருடைய நம்பிக்கையைக் குலைக்கும் நோக்கில் அச்சுப் பிரதிகளையோ காணொளிகளையோ தயாரித்து வழங்குவோருக்கும் 2 முதல் 5 ஆண்டு வரை சிறையும், 5 லட்சம் முதல் 10 லட்சம் தினார் வரை அபராதமும் விதிக்கிறது. மதம் மாறுவதை அச்சட்டம் குற்றமாக்கவில்லை. மாற்றியவர் யார் என்பதற்குச் சான்று தேடுகிறது. ஞானஸ்நானம் கொடுக்கும் போதகரின் முகத்தை நீங்கள் வெளியிட்டால், அந்தச் சான்றை நீங்களே எடுத்துக் கொடுத்தவர்களாவீர்கள். முகத்தை மங்கலாக்கினாலும் பயனில்லை. மலைக்கிராமத்தில் ஒருவரை அடையாளம் காண அவருடைய குரலும் நடையும் போதும்.

அந்த ஊர்களின் வாழ்க்கையையும் நினைத்துப் பாருங்கள். 'தஜ்மாத்' என்னும் ஊர்ச்சபை கூடி வழக்குகளைத் தீர்க்கிறது, பொது வேலைகளைப் பங்கிடுகிறது. ஒலிவ அறுவடைக்கு 'திவிஸி' என்னும் முறையில் அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் கைகொடுக்கிறார்கள். கிறிஸ்தவரானவருக்கும் அதே ஊர்தான், அதே உறவுகள்தான். தாயும் தமையனும் இஸ்லாமியராக இருக்கையில், அவரை இருளிலிருந்து வெளியேறியவர் என்று உலகுக்கு அறிவிப்பது அந்தக் குடும்பம் முழுவதையும் இழிவுபடுத்துவதாகும்.

பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராக அங்கே 1871இல் எழுந்த கிளர்ச்சியைப் பிரெஞ்சுப் படை ஒடுக்கி நிலங்களைப் பறித்த பின்னரே, 1873இல் 'வெள்ளைக் குருக்கள்' என்னும் கத்தோலிக்க மிஷனெரி சபையினரும் 1881இல் பிரிட்டிஷ் புராட்டஸ்டன்ட் மிஷனெரிகளும் கபீலியாவுக்கு வந்தார்கள். பள்ளிகளும் மருத்துவப் பணியும் நடந்தும், பல பத்தாண்டுகளில் மனம் திரும்பியவர்கள் சிலரே. இன்றுள்ள சபைகளோ 1980களிலிருந்து பெரும்பாலும் கபீலியர் கபீலியரிடம் தங்கள் தாய்மொழியில் பேசியும் பாடியும் வளர்ந்தவை. (புனித அகஸ்டின் 354இல் பிறந்த நாட்டில் இந்த விசுவாசத்தை அந்நியர் சரக்கென்று சொல்வது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.) அந்தப் பழி நிலைக்காதிருக்க வேண்டுமானால், ஊழியத்தின் முகமும் தலைமையும் அவர்களுடையவையாகவே இருக்க வேண்டும்.

2017 முதல் அங்கே ஆலயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 2019 அக்டோபரில் கபீலியாவிலுள்ள திசி ஊசு நகரின் பெரிய புராட்டஸ்டன்ட் ஆலயத்துக்கும் சீல் வைக்கப்பட்டது. ஆகவே, அங்குள்ள போதகர்கள் கேட்காமல் ஆட்களை அனுப்பாதீர்கள். ஏற்கெனவே வெளியிட்ட படங்களையும் சாட்சிக் காணொளிகளையும் உடனே நீக்குங்கள். மனச்சாட்சிச் சுதந்திரத்தை உறுதி செய்யும் பன்னாட்டு உடன்படிக்கையை அல்ஜீரியா 1989இல் ஏற்றுக்கொண்டதைச் சுட்டிக்காட்டி, மூடிய ஆலயங்களைத் திறக்குமாறு அந்நாட்டுத் தூதரகத்துக்கு உங்கள் சங்கத்தின் பெயரிலேயே எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊழியத்தை ஜெபத்தில் தாங்கும் ஒரு விசுவாசி