நாக்ஸோஸ் போகும் மகளுக்கு

கண்ணம்மா,

ஆகஸ்ட் முதல் வாரம் கிரீஸில் நாக்ஸோஸ் தீவுக்குப் போகிறீர்கள் என்று மாப்பிள்ளை சொன்னார், ரொம்ப சந்தோஷம். சென்னை வெயிலையே பார்த்துவிட்டோம், அங்கே 30 டிகிரி என்ன செய்துவிடும் என்று எழுதியிருந்தாய். வெயிலைவிட எனக்குக் கவலை அந்த ஊர்க் காற்றுதான்.

ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடல் முழுக்க வடக்கிலிருந்து மெல்டெமி என்ற காற்று அடிக்கும். கிரீஸுக்கு வடக்கே பால்கன் நாடுகள் பக்கம் காற்றழுத்தம் கூடுதல், துருக்கியில் நிலம் சூடாகி அழுத்தம் குறைந்திருக்கும், நடுவில் மாட்டுவது நீங்கள் போகிற தீவுகள். நம் ஊரில் பலத்த காற்று என்றால் முதலில் வானம் கறுக்கும். அங்கே ஒரு மேகம்கூட இருக்காது, பளிச்சென்ற வெயிலிலேயே கடல் வெள்ளையாக நுரைக்க ஆரம்பிக்கும், ஒரே நாளில் அடங்கினாலும் அடங்கும், நாலைந்து நாள் விடாமல் அடித்தாலும் அடிக்கும். கப்பலில் இருந்த காலத்தில் அந்தப் பக்கம் போனால் டெக்கில் தலையில் தொப்பி நிற்காது, பேசுவதைக் காதருகே கத்திச் சொல்ல வேண்டும்.

இதில் உடம்புக்கு வரும் ஆபத்து சத்தமில்லாதது. சென்னையில் சட்டை நனைந்ததும் தண்ணீர் ஞாபகம் வரும். அங்கே வியர்வையைக் காற்று அப்போதே உலர்த்திவிடும், சுகமாகவே இருக்கும், சாயங்காலம் அறைக்கு வந்த பிறகுதான் தலைவலியும் தோள் எரிச்சலும் தெரியும். 2024 ஜூன் வெப்ப அலையில் கிரேக்கத் தீவுகளில் தனியாக நடக்கப் போன சுற்றுலாப் பயணிகள் சிலர் இறந்தே போனார்கள். ஆகவே நாக்ஸோஸில் இருக்கிற ஸாஸ் மலை ஏறுவதானால் விடியும்போதே கிளம்புங்கள், பத்து மணிக்கு மேல் அந்த எண்ணமே வேண்டாம். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் பாப்பாவுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இரு.

கடலில் குளிக்க அயியோஸ் புரோகோபியோஸ் பக்கம் போங்கள், ஓரளவு மறைவான கரை. மிக்ரி விக்லா காற்றுப்பட்டம் கட்டிச் சறுக்குகிறவர்களுக்கான இடம், அங்கே மணல் பறந்து வந்து கால்களில் ஊசியாய்க் குத்தும், பாப்பா அழுவாள். ராத்திரிக்கு ஆளுக்கொரு ஸ்வெட்டர் இருக்கட்டும்.

அப்புறம் முக்கியமான விஷயம். காற்று ஓர் அளவுக்கு மேல் போனால் படகுகளைப் புறப்பட விடமாட்டார்கள், முதலில் நிற்பது அதிவேகப் படகுகள்தான். பெரிய கப்பலில் ஏதென்ஸ் துறைமுகமான பிரேயஸிலிருந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், பரவாயில்லை, அதிலேயே போங்கள். திரும்பும்போது விமானத்துக்கு முந்தைய இரவு ஏதென்ஸில் இருந்தே ஆக வேண்டும், அன்று காலை தீவிலிருந்து கிளம்பிக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. அங்கே குன்றின் மேல் பழைய கோயில்கள் இருக்கிற அக்ரோபோலிஸைக் காலையில் திறந்ததும் பார்த்துவிடுங்கள், வெப்ப அலை வந்த சமயங்களில் நண்பகலிலிருந்து மாலை ஐந்து வரை மூடியிருக்கிறார்கள்.

தேதியை மாற்ற முடியுமா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன். செப்டம்பர் பாதிக்கு மேல் காற்று தணியும், கடல் சூடு அப்படியே இருக்கும், கூட்டமும் குறையும். பாப்பாவுக்கு இன்னும் பள்ளிக்கூடம் இல்லையே, பிறகு என்ன அவசரம்? மாப்பிள்ளையிடம் பேசிவிட்டு இந்த வாரமே எனக்குச் சொல்.

அப்பா