அவன் கணக்கை நம் கணக்கில் வைப்போம்

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகளே,

தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய அந்த வீடுகளில், பக்கத்துக் காம்பராவுக்கும் நமக்கும் நடுவே ஒரே சுவர்தான். அங்கே இருமினால் இங்கே கேட்கும். திருடியவனும் பறிகொடுத்தவரும் ஒரே பீலியில்தான் தண்ணீர் பிடிக்கிறார்கள். சிறைக்குப் போன ஒருவன் விடுதலையாகி அதே லயத்துக்குத் திரும்பும்போது, "மன்னித்துவிட்டோம்" என்று ஜெபக்கூட்டத்தில் சொல்லிவிடலாம். சரி, இன்று ராத்திரி அவன் எங்கே படுப்பான்?

இந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லாமல் போனதால்தான் இந்தக் குழு உருவானது. நாங்கள் இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஒரே ஆலயத்துக்கு வருகிறவர்கள். ஆலயத்தின் பின்னால் பழைய உபதேசியார் வீடு பல வருடங்களாகப் பூட்டிக் கிடக்கிறது. இரண்டு அறை, ஒரு குசினி. அதைத் திருத்தி, சிறையிலிருந்து வருகிறவர்கள் முதல் மூன்று மாதம் தங்கும் இடமாக்க விரும்புகிறோம். ஒரே நேரத்தில் மூன்று பேர் தங்கலாம். சபையில் இருக்கும் மேசன் பாஸ் ஒருவர் அவர்களைத் தன்னோடு வேலைக்குக் கூட்டிப்போகச் சம்மதித்திருக்கிறார்.

இவர்கள் யார் என்று கேட்பீர்கள். நம் நாட்டில் தண்டனை பெற்று உள்ளே போகிறவர்களில் பெரும்பாலானோர் அபராதம் கட்டக் காசில்லாமல் போனவர்கள். உண்மையாகவே பிறருக்குக் கெடுதல் செய்துவிட்டுப் போனவர்களும் உண்டு, அதை மறைக்க மாட்டோம். பெண்கள், பிள்ளைகள் மேல் கைவைத்தவர்களை இந்த வீட்டில் தங்க வைப்பதில்லை என்று முதல் கூட்டத்திலேயே முடிவெடுத்தோம்.

அந்தக் கூட்டத்தில் ஓர் அம்மா சொன்னதை இங்கே எழுத வேண்டும். அவருடைய காதுத் தோட்டைத் திருடியவன் பக்கத்து லயத்துப் பையன். "அவனுக்காக நான் ஜெபம் பண்ணுகிறேன். ஆனால் என் வாசலில் அவன் வந்து நின்றால் இன்னும் கை நடுங்குது" என்றார். யாரும் அவருக்கு வசனம் சொல்லித் திருத்தப் போகவில்லை. போகாதது நல்லது என்றே நினைக்கிறோம். நொந்தவர் மனம் ஆறும் வரைக்கும் அவர் வாசலைத் தட்டாமல் இருக்க, திரும்பி வந்தவனுக்கு வேறொரு வாசல் வேண்டும். இந்த வீடு அதற்குத்தான்.

மத்தேயு 18-ல் வருகிற ஊழியக்காரனைப் பாருங்கள். அவனுக்கு ராஜா மன்னித்த கடன் பதினாயிரம் தாலந்து. அவன் உடன் ஊழியக்காரனை நெரித்தது நூறு வெள்ளிப்பணத்துக்கு. ஒரு வெள்ளிப்பணம் அந்தக் காலத்தில் ஒரு நாள் கூலி. அப்படியானால் நூறு நாள் பேர், அதாவது நூறு நாள் சம்பளம்! நம்மில் யாருக்கு அது சின்னத் தொகை? இயேசு நம் நஷ்டத்தை ஒன்றுமில்லை என்று தள்ளவில்லை. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 நாள் கூலி. அந்தக் கணக்குப்படி நமக்கு மன்னிக்கப்பட்டது 6 கோடி நாள் பேர். அதன் பக்கத்தில் நூறு நாளை வைத்துப் பார்க்கச் சொல்கிறார்.

நம் பாட்டன்மார் காலத்தில் துண்டு முறை இருந்தது. தோட்டம் மாற நினைத்தவன் கையில் அவனுடைய கடனை எழுதிய துண்டு இருக்க வேண்டும். போகும் இடமெல்லாம் அவனுக்கு முன்னே அவன் கடன் போய் நின்றது. 1921-ல் சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள். சிறையிலிருந்து வருகிறவனுக்கு மட்டும் நாம் இன்னும் துண்டு எழுதிக்கொண்டிருக்கிறோம், வாயால்.

பவுல் வேறு மாதிரி எழுதினார். ஓடிப்போன அடிமை ஒநேசிமுவைத் திருப்பி அனுப்பும்போது, அவன் ஏதும் கடன்பட்டிருந்தால் "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்று அவனுடைய எஜமான் பிலேமோனுக்கு எழுதினார். அதைச் செலுத்தித் தீர்ப்பேன் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். அப்போது அவரே காவலில் இருந்தவர். நாங்கள் உங்களிடம் கேட்பதும் அதுதான். ஒருவனுடைய மூன்று மாதத்தை உங்கள் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்களும் சும்மா இருக்கப் போவதில்லை. வரி வசூலித்த சகேயு அநியாயமாய் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க முன்வந்ததுபோல, கிடைக்கும் கூலியில் ஒரு பங்கை நஷ்டப்பட்டவருக்குக் கொடுக்கச் சம்மதிப்பவர்களையே சேர்ப்போம். அந்தப் பணத்தைக் குழுவே கொண்டுபோய்க் கொடுக்கும்.

கூரைத் தகரம், மலசலகூடம், வயரிங், கட்டில் எல்லாம் சேர்த்து 9,40,000 ரூபாய் ஆகும் என்று மதிப்பிட்டிருக்கிறோம். இதுவரை 2,65,000 சேர்ந்திருக்கிறது. பெரும்பகுதி கொழுந்தெடுக்கும் பெண்கள் சம்பள நாளில் கொடுத்த நூறும் இருநூறும்தான். கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் பிள்ளைகள் மனது வைத்தால் மீதியும் சேரும். பணம் முடியாதவர்கள் சீமெந்து, மணல், ஒரு நாள் சிரமதானம், எது தந்தாலும் வாங்கிக்கொள்வோம்.

காணிக்கையை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பொருளாளர் கையில் கொடுத்து ரசீது வாங்குங்கள். தூரத்தில் இருப்பவர்கள் ஊரில் உள்ள உறவினர் மூலம் அனுப்பலாம். வரவுசெலவு ஒவ்வொரு மாதமும் ஆலயப் பலகையில் ஒட்டப்படும்.

மே மாத மழை பிடிப்பதற்குள் கூரையை முடித்தாக வேண்டும். அப்புறம், கம்பளி மூன்று வேண்டும். பழையதானாலும் பரவாயில்லை, துவைத்துக் கொண்டுவந்து தாருங்கள்.

இப்படிக்கு,
குழுவினர்