பலோடியில் எங்களை வேகவைத்ததற்கான புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, சென்னை

பொருள்: ராஜஸ்தான் கார் பயணம், பலோடி தங்கல் – பணத்தைத் திருப்பிக் கேட்டல்

ஐயா,

வணக்கம். வாட்ஸ்அப்பில் எழுதியாயிற்று, மின்னஞ்சல் போட்டாயிற்று, போனில் 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்' என்றதையெல்லாம் அழுத்தியாயிற்று. கடைசியாக வந்த பதில்: 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, ஐந்து நட்சத்திரம் கொடுங்கள்.' யார், எதைத் தீர்த்தார்கள்? அதனால்தான் விரைவுத் தபாலில் இந்தக் கடிதம்.

பிகானேரிலிருந்து ஜெய்சால்மர் போகும் வழியில் பலோடியில் தங்க வைத்தது உங்கள் திட்டம், நான் கேட்டதல்ல. விளம்பரத் தாளில் போட்டிருந்தீர்கள்: கீச்சன் கிராமத்தில் ஆயிரக்கணக்கான குர்ஜா கொக்குகள், மஞ்சள் பூத்த கடுகு வயல், சீரக வயலோரம் மதிய உணவு. மே மாதத் தேதியைக் கொடுத்ததும் உங்கள் ஆபீஸ்தான்.

அந்தக் கொக்குகள் குளிருக்குத் தப்பி மங்கோலியா, மத்திய ஆசியாப் பக்கமிருந்து வருபவை. செப்டம்பர் வாக்கில் வந்து மார்ச்சோடு கிளம்பிவிடும். கடுகும் சீரகமும் குளிர்காலப் பயிர், மே மாதத்துக்கு முன்பே அறுவடை முடிந்து வெறும் மணல்தான் கிடக்கும். இது அந்த ஊர் டீக்கடைக்காரருக்குத் தெரிகிறது. ராஜஸ்தானையே விற்றுப் பிழைக்கும் உங்களுக்குத் தெரியாதா? விடியற்காலையில் பிள்ளைகளை எழுப்பிக் கூட்டிப் போனால், கொக்குகளுக்குத் தானியம் போடும் வேலியடைத்த இடத்தில் புறாக்கள் மேய்ந்துகொண்டிருந்தன. கொக்கு எங்கே என்று கேட்ட என்னை அங்கிருந்த பெரியவர் பார்த்த பார்வைக்கே தனியாக நஷ்டஈடு கேட்கலாம்.

சரி, கொக்கை விடுங்கள். காரின் ஏசி பிகானேர் தாண்டியதுமே செத்துவிட்டது. 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவான ஊர் இந்தப் பலோடி. என் மாமனார் எழுபதைத் தாண்டியவர், பின் சீட்டில் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பேச்சே இல்லாமல் உட்கார்ந்திருந்தார். உங்கள் ஆள் போனில் சொன்னார்: "ஜோத்பூர் போங்க சார், வண்டி மாத்தித் தருவாங்க." ஜோத்பூர் என்ன பக்கத்துத் தெருவா? போக மட்டும் ஏறக்குறைய 140 கிலோமீட்டர். அந்த அனல் காற்றில் போய்ச் சேர்ந்தால் ஷட்டர் இறக்கிப் பூட்டு. திரும்பக் கூப்பிட்டேன். "இன்னைக்கு சண்டே சார்." காலையிலும் அதே சண்டேதானே? என் குரல் உயர்ந்தது, உண்மைதான். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பாலைவனத்துல வெயில் அடிக்காம பனியா கொட்டும்? தெரிஞ்சுதான வந்தீங்க?" சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். இதையும் பதிவு செய்திருப்பீர்கள் அல்லவா, 'தரத்திற்காகப் பதிவு செய்யப்படுகிறது' என்று சொல்கிறீர்களே? போட்டுக் கேளுங்கள்.

ஓட்டல் ஏசி வேலை செய்யவில்லை என்பதை மேலே எழுத விட்டுப்போயிற்று. வாங்கி வந்த தண்ணீர் பாட்டில்களுக்கே தனி பில் ஆயிற்று. தேர்தல் சமயத்தில் செய்திகளில் அடிபடும் சூதாட்டச் சந்தை பலோடியில்தான் இருக்கிறது. உங்களிடமிருந்து பணம் திரும்பி வருமா என்று அங்கே பந்தயம் கட்டியிருந்தால் கொஞ்சமாவது தேறியிருக்கும்.

நான் சண்டைக்காரன் அல்ல. ஊர் மக்கள் மீதும் ஒரு குறையும் இல்லை, மாமனாருக்கு மோர் கொடுத்து உட்கார வைத்தவர்கள் அவர்கள்தான். உங்கள் நிறுவனத்தில் நல்லவர்களும் இருப்பார்கள் என்று நம்பித்தான் பணிவோடு கேட்கிறேன். பலோடிக்காக வாங்கிய தொகை முழுவதும், கார் வாடகை, ஜோத்பூர் போய்வந்த பெட்ரோல் செலவு, மன உளைச்சலுக்கு இரண்டு லட்சம். அதிகம் என்பீர்கள். எங்கள் குடும்பத்தின் பத்து வருட நிம்மதி போயிருக்கிறது, ராஜஸ்தான் என்றாலே என் மனைவி எழுந்து போய்விடுகிறாள்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவாகும். அப்புறம் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், நீங்கள்தான் சென்னையிலிருந்து வந்து போக வேண்டும். அந்த நிலைக்குப் போக எனக்கும் விருப்பமில்லை. தயவுசெய்து பொறுப்பான ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். பனி கொட்டுமா என்று கேட்ட அந்த மனிதர் மட்டும் என்னை அழைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
கோயம்புத்தூர்

(ரசீது, விளம்பரத் தாள், பூட்டிய ஷட்டரின் புகைப்படம் இணைப்பு)