புரவலர் பணம் ஊர்க் குழந்தைகள் எல்லோருக்கும் சேரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏழைக் கிராமத்துக் குழந்தை ஒன்றின் பெயரில் மாதந்தோறும் ஒரு தொகை அனுப்பும் ஸ்பான்சர்ஷிப் திட்டங்களில் சேர நினைப்போருக்கும், அவற்றை நடத்துவோருக்கும், ஒரு சிறுமிக்குப் பல ஆண்டுகளாகப் புரவலராக இருந்துவரும் அனுபவத்தில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

உள்நாட்டுப் போரில் சிக்கிய ஸ்பெயின் நாட்டுக் குழந்தைகளுக்காக 1937-இல் 'பிளான்' அமைப்பு தொடங்கப்பட்ட காலத்திலிருந்தே, கொடுப்பவருக்கும் குழந்தைக்கும் இடையிலான நேரடி உறவுதான் இத்தகைய திட்டங்களுக்கு உயிராக இருந்து வருகிறது. அதனால் பலன் இல்லாமலும் இல்லை. இந்தியா, கென்யா உள்ளிட்ட ஆறு நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்டோரைப் பற்றித் தகவல் திரட்டி 2013-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, ஆதரவு பெற்று வளர்ந்தவர்கள் சராசரியாக ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கூடுதலாகப் படித்திருப்பதாகக் கண்டறிந்தது. அவர்களுக்குப் படிப்புச் செலவுக்கான உதவியோடு மாலைநேர வகுப்பும் உணவும் மருத்துவப் பரிசோதனையும் கிடைத்தன என்பதை மறந்துவிடக் கூடாது.

நான் ஆதரிக்கும் சிறுமிக்குச் சீருடையும் புத்தகப்பையும் தவறாமல் கிடைத்தன. ஆனால், தம்பிக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு வருவதாகவும், அவனைப் பார்த்துக்கொள்வதற்காக வாரக்கணக்கில் பள்ளிக்குப் போகவில்லை என்றும் ஒருமுறை அவள் எழுதியிருந்தாள். உதவி கேட்டு அந்த அமைப்புக்கு எழுதினேன். பதிவு செய்யப்பட்ட குழந்தைக்கு மட்டுமே உதவ முடியும் என்று பதில் வந்தது. அன்று எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் ஆறவில்லை. அசுத்தமான தண்ணீரால் மீண்டும் மீண்டும் வயிற்றுப்போக்குக்கு ஆளாகும் குழந்தைக்கு உண்ட உணவு உடம்பில் ஒட்டுவதில்லை. எடை குறைந்து, வளர்ச்சி குன்றி, அடுத்த நோயை எதிர்க்கும் வலுவும் போய்விடுகிறது. உப்பு-சர்க்கரைக் கரைசலும் பத்து முதல் பதினான்கு நாள் துத்தநாக மாத்திரையும் அந்த நேரத்துக்கு உயிரைக் காக்கும் என்றாலும், தண்ணீர் சுத்தமாகாத வரை நோய் திரும்பி வந்துகொண்டேதான் இருக்கும்.

கருவுற்ற நாளிலிருந்து இரண்டாவது பிறந்தநாள் வரையிலான முதல் 1,000 நாட்களே உடல், மூளை வளர்ச்சிக்கு மிக முக்கியமானவை என்கிறது மருத்துவம். புரவலர்களோ அமைப்புகள் காட்டும் படங்களைப் பார்த்து, பெரும்பாலும் பள்ளி செல்லும் வயதுக் குழந்தையைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். எவருடைய ஆல்பத்திலும் இடம்பெறாத கர்ப்பிணித் தாயின் சத்துணவுக்கும், கைக்குழந்தையின் தடுப்பூசிக்கும், ஊர்ப் பொதுக் கிணற்றுக்கும் நம் பணம் போய்ச் சேர்ந்தால்தான் படத்தில் இருக்கும் குழந்தையும் நலமாக வளர முடியும்.

சில பெரிய அமைப்புகள் ஏற்கெனவே இப்படிப் பொதுநிதியாகத்தான் செலவிடுகின்றன. அதை விளம்பரத்திலேயே வெளிப்படையாகச் சொல்லி, ஊர்வாரியாகக் கணக்கும் வெளியிட வேண்டும். இறந்து ஆண்டுகள் கடந்த குழந்தைகளின் பெயரிலும் பணம் பெறப்பட்டதை 1998-இல் சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழ் அம்பலப்படுத்திய பிறகு, கணக்குக் கேட்பதை அவநம்பிக்கை என்று எவரும் கருத வேண்டியதில்லை.

புதிதாக நான் ஒதுக்கும் தொகை, ஊர் முழுவதற்கும் செலவிடும் வேறோர் அமைப்புக்குப் போகிறது. அந்தச் சிறுமிக்கான தொகையையும், அவள் பள்ளிப் படிப்பை முடிக்கும் வரை நிறுத்தப்போவதில்லை. பாதியில் கைவிடப்படும் குழந்தை, தான் ஏதோ தவறு செய்துவிட்டதாகவே எண்ணிக்கொள்ளும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்