காதலர்களுக்கு மட்டும் ஏன் தண்டனை?

ஆசிரியர் அவர்களுக்கு,

தகாத காதலைக் காட்டும் படங்களால் இளசுகள் கெட்டுப்போகிறார்கள் என்று சென்ற ஞாயிறு இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அந்தப் படங்கள்மேல் உள்ள குறை நேர்மாறானது. அவை ஊருக்கு மிகவும் பயந்தவை. இரண்டு மணி நேரம் மீறலை ரசிக்கவிட்டு, கடைசி ரீலில் மீறியவர்களைத் தண்டித்து, எங்களை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவைக்கின்றன.

‘அபூர்வ ராகங்கள்’ (1975) படத்தில் வயதில் மூத்த பாடகியை ஓர் இளைஞன் விரும்புகிறான். அவள் மகளோ அவன் தகப்பனை விரும்புகிறாள். இந்தச் சிக்கலைப் போட்ட பாலசந்தர், பாடகியைப் பிரிந்துபோன கணவனை வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறார். அவன் செத்த பிறகும் ஜோடிகள் சேரவில்லை. பத்து வருடம் கழித்து அவரே எடுத்த ‘சிந்து பைரவி’யில் பாடகர் குடித்துச் சீரழிகிறார், உண்மைதான். ஆனால் தேறி மறுபடி மேடை ஏறுகிறார். அவரை விரும்பிய சிந்துவோ பெற்ற பிள்ளையை அவர் மனைவி கையில் கொடுத்துவிட்டு ஊரைவிட்டே போகிறாள். தியாகமாம்! நாங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

‘காதல்’ (2004) படத்தில் பெடியனுக்குப் புத்தி பேதலிக்கிறது, பெட்டைக்கு வேறு கலியாணம். ஓடிப்போனவர்களை நயமாகப் பேசிக் கூட்டிவந்து, பெடியனை அடித்து நொறுக்கிய பெட்டை வீட்டாருக்கு என்ன நடந்தது? படம் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பெடியனோடு மேல்சாதிப் பெண் பழகும் ‘பரியேறும் பெருமாள்’ (2018) திரும்புகிறது. சாதிக்காகக் கொலை செய்துவந்த கிழவர் தோற்றதும் தானே ரயிலுக்குத் தலை கொடுக்கிறார்; பெண்ணின் தகப்பன் அந்தப் பெடியனின் கேள்விக்கு முகம் கொடுக்க வேண்டி வருகிறது. ஆனாலும் தன்னால் அவன் பட்டது எதுவும் அந்தப் பெண்ணுக்குக் கடைசிவரை தெரியாது. நல்ல படத்திலும் பெண்ணிடம் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூன்று சனமும் கலந்து வாழும் திருகோணமலையில், மாறிக் கட்டியவர்கள் புதினம் இல்லை. 18 வயது நிறைந்திருந்தால் விவாகப் பதிவாளர் முன் கையெழுத்து வைப்பது லேசு. பாடு அதற்குப் பிறகுதான். சொந்தத்துச் சாமத்தியவீட்டுக்குக் கார்ட் வராது. தகப்பனின் செத்தவீட்டில் மகள் எங்கே நிற்பது என்பதே ஒரு வழக்காகும். அம்மம்மா பேரப்பிள்ளையைச் சந்தையில் வைத்துக் களவாகப் பார்ப்பாள். பிள்ளையை முதலாம் வகுப்பில் சேர்க்கப் போனால் சமய பாடம் சைவநெறியா, இஸ்லாமா என்று கேட்பார்கள். நான் படிப்பித்த காலத்தில், படிவத்தில் அந்த இடம் வந்ததும் பேனையைப் பிடித்தபடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்த பெற்றோரைக் கண்டிருக்கிறேன். எதை எழுதினாலும் மற்றப் பக்கத்துச் சொந்தம் இன்னும் தூரமாகிவிடும்.

எங்கள் பகுதியில் குறும்படம் எடுக்கிற பிள்ளைகள் காதலர்களைக் கொல்லாமல், கலியாணத்துக்கு மறுநாளிலிருந்து கதையைத் தொடங்கிப் பார்க்கட்டும். யாராவது ஏற்கெனவே எடுத்திருந்தால் தங்கள் சினிமாப் பக்கத்தில் அறியத் தாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
உவர்மலை, திருகோணமலை.