காலண்டர் தாள்களுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

நடை பழகுபவர்கள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நடக்க நான் செய்த மடக்குக் கம்பியில், நேற்று சாயங்காலம் மூன்றாவது தடவையாக 100 கிலோ மணல் மூட்டையை ஏற்றி, பக்கவாட்டில் இழுத்துப் பார்த்தோம். கம்பி அசையவில்லை, பூட்டு முனகவில்லை. லேத்துக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இந்த நான்கு மாதம் எப்படிப் போனது என்று உங்களுக்கே தெரியும், திரும்பச் சொல்ல மனம் வரவில்லை. யாருக்கும் அடிபடவில்லை. அது போதும்.

பூட்டுக் கோளாறால், விற்ற 26 செட்டையும் திரும்ப எடுக்க வீடு வீடாகப் போன நாட்களில், சுந்தராபுரத்து லைன் வீட்டில் ஓர் அம்மா. இரண்டு முழங்காலிலும் மூட்டு மாற்று அறுவை ஆனவர். நான் உறையில் கொண்டுபோன பணத்தை அவர் தொடவே இல்லை. "அது கெடக்கட்டும் கண்ணு, மொதல்ல இதப் பாரு" என்று துணி கிளிப் மாட்டிய ஒரு கட்டுத் தாளைக் கையில் கொடுத்தார். தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள், மொத்தம் 61. ஒவ்வொன்றின் பின்பக்கமும் பென்சில் எழுத்து.

"காலைல. இடப்பக்கம். கிடுக். 1 தடவ."
"இன்னிக்கு சத்தம் இல்ல."
"திரும்பறப்ப மட்டும். 4 தடவ."

"கொற சொல்லோணும்னு எழுதல. எப்படியும் ஒரு நாள் வந்து கேப்பேன்னு எழுதி வெச்சேன்" என்றார். நான் கேட்டதே இல்லை. விற்றபிறகு அந்த வீட்டுக்கு ஒரு போன்கூடப் போடவில்லை.

அன்று ராத்திரி பட்டறையில் அந்தத் தாள்களைத் தேதி வாரியாகத் தரையில் பரப்பினேன். 'திரும்பறப்ப மட்டும்' என்ற அந்த வரியில்தான் எல்லாம் இருந்தது. நேராக நடக்கும்போது எடை செங்குத்தாக இறங்குகிறது. கடைசியில் திரும்பும்போது உடம்பு முழுவதும் ஒரு கையில் சாய்ந்து கம்பியைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. நான் எடையைத் தொங்கவிட்டு மட்டுமே சோதித்திருந்தேன். அந்தத் தள்ளலைத் தாங்கியது பூட்டில் செருகும் பின் (pin) ஒன்றுதான். 16 கேஜ் குழாய், 1.6 மி.மீ. தடிமன், அதில் நேராகத் துளைத்த ஓட்டை. ஒவ்வொரு திரும்பலுக்கும் அது துளித்துளியாக நீண்டு முட்டை வடிவமாகிக்கொண்டே வந்திருக்கிறது. முதல் வாரம் ஒரு கிடுக், கடைசி வாரம் ஏழு. எந்தக் கருவியும் எனக்கு அதை இவ்வளவு தெளிவாகக் காட்டியிருக்காது.

இப்போது குழாய்க்குள் புஷ் (ஓட்டையைத் தாங்கும் தடித்த உலோக வளையம்) வைத்து வெல்டு பண்ணியாகிவிட்டது. விரித்ததும் இரண்டு பாதியும் ஒரு ஸ்டாப்பரில் போய் முட்டி நிற்கும், எடை அதன் வழியாக இறங்கும். பூட்டின் பின்னுக்கு (pin), கம்பி மடங்காமல் பிடிக்கும் வேலை மட்டும்தான்.

பிலாடீஸ் உடற்பயிற்சி முறையை உருவாக்கிய ஜோசப் பிலாடீஸ் நியூயார்க்கில் செய்த வுண்டா சேரின் படத்தைப் பார்த்துத்தான் எனக்கு இந்தக் கிறுக்கே பிடித்தது. உடற்பயிற்சிக் கருவி, புரட்டிப் போட்டால் வீட்டு நாற்காலி. என் கம்பியும் மடக்கினால் கட்டிலுக்கடியில் போக வேண்டும், 14 கிலோவைத் தாண்டக் கூடாது என்று ராப்பகலாக மடக்குவதையே யோசித்தேன். விரித்தபிறகு அதன்மேல் ஒருவர் பயத்தோடு சாய்வார் என்பதை அந்த அம்மாதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் கூலி பேசாமல் இரவு ஷிப்டில் வெல்டிங் செய்துதந்த அண்ணன், டியூட்டி முடிந்து வந்து கம்பிக்கு நடுவில் நூறு தடவை நடந்து திரும்பிக் காட்டிய பிசியோதெரபிஸ்ட் அக்கா, 26 வீட்டுக்கும் போன் போட்டுத் தன்மையாகப் பேசிய என் தங்கச்சி, பணத்துக்கு இரண்டு மாதம் பொறுத்துக்கொண்ட குடும்பங்கள், எல்லோருக்கும் கை கூப்புகிறேன். காப்புரிமைக்குத் தற்காலிக விண்ணப்பம் போட்டால் 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைத் தர வேண்டும். கெடு முடிய 9 நாள் இருக்கும்போது கம்பி மடங்கும் இடத்தின் புதிய அமைப்பை வரைந்து சேர்த்து, அரசுக் கட்டணம் மட்டும் வாங்கிக்கொண்ட ஏஜென்ட் சாருக்கும் நன்றி.

இனி என் பட்டறையிலிருந்து போகும் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் இருக்கும். ஏதாவது சத்தம் கேட்டால் எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை நானே போன் போட்டுக் கேட்பேன்.

முதல் செட் ஞாயிற்றுக்கிழமை சுந்தராபுரம் போகிறது. புதுக் காலண்டர் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன்.